20 பவுண்டுக்கு ஒரு கேஸ்கெட்

டீசல் ஷெட்டில் 34 வருஷம் பிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவனை, ஊர் சுற்றிக் காட்டுகிறேன் என்று இன்னொரு டீசல் ஷெட்டுக்கே கூட்டிப் போவது, சமையல் மாஸ்டரை லீவு நாளில் அடுத்தவர் கல்யாணப் பந்தியில் உட்காரவைப்பது மாதிரி. சாப்பிடுவார், ஆனால் வாய் சும்மா இருக்காது. என் மகள் அது தெரிந்துதான் டிக்கெட் எடுத்திருந்தாள். "அங்க போய் யாரையும் திட்டக் கூடாதுப்பா" என்று காரில் போகும்போதே இரண்டு முறை சொல்லிவிட்டாள்.

இடம், வடக்கு இங்கிலாந்தில் தொண்டர்கள் நடத்தும் ஒரு பழைய ரயில் பாதை. பெயரைச் சொல்லவில்லை. கொஞ்சம் குறையும் சொல்லப்போகிறேன். சம்பளம் வாங்காமல் சனிக்கிழமை தோறும் கையில் கிரீஸ் பூசிக்கொள்கிறவர்களைப் பெயர் போட்டுக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அந்தப் பாதையில் ஒரு டீசல் குழு இருக்கிறது. இரண்டு எஞ்சின்கள் அவர்களுடையவை. ஒன்று ஓடுகிறது, இன்னொன்று பிரித்துப் போட்டபடி ஷெட்டுக்குள் நிற்கிறது. ஓடுகிற எஞ்சின் சம்பாதித்து, படுத்த எஞ்சினுக்கு வைத்தியம் பார்க்க வேண்டும். கணக்கு அவ்வளவுதான். அக்டோபரில் ஒரு சனிக்கிழமை பொதுமக்களுக்கு ஷெட்டைத் திறந்துவிட்டார்கள். ரயில் பயணமும் ஷெட் சுற்றிப் பார்ப்பதும் சேர்த்து ஒரு ஆளுக்கு 24 பவுண்டு.

எஞ்சின் இரண்டுமே கிளாஸ் 37. இங்கிலீஷ் எலெக்ட்ரிக் கம்பெனி 1960 முதல் 1965 வரை 309 எஞ்சின்களை இந்த வகையில் கட்டியது. 1,750 குதிரைசக்தி, வி வடிவத்தில் 12 சிலிண்டர், ஆறு அச்சு. முன்னும் பின்னும் மூக்கு நீண்டு, கொஞ்சம் முரட்டு முகம். ரசிகர்கள் 'டிராக்டர்' என்று செல்லமாகக் கூப்பிடுகிறார்கள். சத்தத்தைக் கேட்டால் ஏன் என்று புரியும். பெரும்பாலானவை கட்டப்பட்டது நியூட்டன்-லீ-வில்லோஸ் ஊரில் இருந்த வல்கன் பவுண்டரியில். 1853-இல் பம்பாயிலிருந்து தாணேவுக்கு ஓடிய நம் முதல் பயணிகள் ரயிலின் எஞ்சின்களும் அதே பட்டறையிலிருந்து கப்பலேறியவைதான். இதை அங்கிருந்த ஒரு பெரியவரிடம் சொன்னேன். அவருக்கு அது ஏற்கெனவே தெரிந்திருந்தது. நான் புதுசாகச் சொல்லப்போகிறேன் என்று நினைத்த இடத்தில் எல்லாம் அந்த மனிதர் எனக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

முதலில் ரயில் பயணத்தைப் பற்றிச் சொல்லி முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அது சுமார். பத்தரைக்குக் கிளம்ப வேண்டிய வண்டி பதினொன்றே கால் வரை கிளம்பவில்லை. ஏன் என்று யாரும் சொல்லவுமில்லை. பெரும்பாலான பாரம்பரியப் பாதைகளில் மணிக்கு 25 மைல்தான் உச்ச வேகம், அதாவது நம் கணக்கில் 40 கிலோமீட்டர். 90 மைல் ஓடப் பிறந்த எஞ்சின் ஐந்து பெட்டியை இழுத்துக்கொண்டு 25-இல் போவது, பயில்வானை அழைத்துக் கறிவேப்பிலை ஆயச் சொன்ன கதை. ஆனால் நின்று கிளம்புகிற அந்த அரை நிமிடம் மட்டும் பரவாயில்லை. நெஞ்சுக்குள் உருட்டுகிறது. என் பக்கத்து ஜன்னலில் ஓர் இளைஞன் பாதி உடம்பை வெளியே நீட்டி, மைக்கைப் பிடித்துச் சத்தத்தைப் பதிவு செய்துகொண்டிருந்தான். புகையை அவர்கள் 'கிளாக்' என்கிறார்கள். கறுப்பாக நிறைய வந்தால் கைதட்டுகிறார்கள். எங்கள் ஷெட்டில் கறுப்புப் புகை வந்தால் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரைக் கழற்றுவோம், இல்லாவிட்டால் காற்றைத் திணிக்கும் டர்போவைச் சந்தேகப்படுவோம். இங்கே அதற்கு டிக்கெட்.

டிரைவர் கேபினைப் பார்க்கலாம் என்று நோட்டீசில் போட்டிருந்தார்கள். ஓடுகிற எஞ்சினில் அன்றைக்கு யாரையும் ஏற்றவில்லை. காரணம் கேட்டால் "ஆள் குறைவு" என்றார்கள். ஒரு சிறுவன் அழுதேவிட்டான். நோட்டீசில் போடாமலாவது இருந்திருக்கலாம்.

இனி ஷெட். 24 பவுண்டில் 20 பவுண்டு இதற்குத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே நுழைந்ததும் மூக்கு அடையாளம் கண்டுகொண்டது. டீசல், பழைய லூப் ஆயில், துருவைத் தேய்த்த இரும்புத் தூள். உலகம் முழுக்க ஒரே வாசனைதான் போல. நடுவில் அந்த இரண்டாவது எஞ்சின், மேல் கூரைத் தகடுகள் கழற்றி, வயிற்றைத் திறந்து வைத்தபடி நின்றது. ஒரு பக்க வரிசையில் ஆறு சிலிண்டர் ஹெட்டில், அதாவது சிலிண்டரின் மேல் மூடியில், நான்கு ஏறியிருந்தன. மிச்சம் இரண்டும் மரப் பலகையில், வாயை டேப் போட்டு மூடி. அந்த டேப்பைப் பார்த்ததுமே எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது. ஓட்டையை மூடாமல் போட்டு வைக்கிற இடத்தில் வேலை சுத்தமாக இருக்காது. உள்ளே ஒரு நட்டு விழுந்தால் போதும், பிறகு அது எங்கே போய்க் கத்தும் என்று தெரியாது.

என் அனுபவம் முழுக்க ஆல்கோ என்ற அமெரிக்கக் கம்பெனி வடிவமைத்த டீசல். நம் இந்திய ரயில்வேயின் டபிள்யூடிஎம்-2 எஞ்சினில் இருப்பது ஆல்கோ 251, 16 சிலிண்டர், 2,600 குதிரைசக்தி. சிலிண்டர் விட்டம் 9 அங்குலம், பிஸ்டன் ஓட்டம் பத்தரை. இவர்களுடையது 10 அங்குலமும் 12 அங்குலமும். ஆக, ஒரு சிலிண்டரை மட்டும் எடுத்துப் பார்த்தால் இதுதான் பெரியது. ஆனால் நிமிடத்துக்கு 850 சுற்றில் நிதானமாக ஓடுகிறது. ஆல்கோ 1,000 சுற்று. அந்தப் பெரியவர், பஸ் கம்பெனியில் மெக்கானிக்காக இருந்தவராம், சிலிண்டரின் உள்சுவரான லைனரின் தேய்மானம் அளந்த நோட்டைக் காட்டினார். பென்சிலில் எழுதியது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில், குறுக்கும் நெடுக்குமாக இரண்டிரண்டு அளவு. எங்கள் ஷெட்டில் இதற்கு அச்சடித்த படிவம் உண்டு. சில நாள் அளந்தும் எழுதுவோம், சில நாள் எழுதியும் அளப்போம். இங்கே அந்த விளையாட்டுக்கு இடமில்லை. ஏனென்றால் தப்பாகப் போனால் இவர்கள் காசு.

திறந்து கிடந்த இந்த எஞ்சினின் கேபினில் ஏற விட்டார்கள். படி உயரம், முட்டி வலிக்காரர்கள் யோசித்து ஏறவும். பவர் கைப்பிடியைப் பிடித்துப் பார்த்தேன். ஆல்கோவில் ஒன்று முதல் எட்டு வரை நாட்ச், ஒவ்வொன்றுக்கும் கையில் ஒரு தட்டு தெரியும். இதில் தட்டே இல்லை, எண்ணெயில் வழுக்குவது போல ஒரே இழுப்பு. "நாட்ச் எங்கே?" என்று கேட்டேன். "காதில்" என்றார் பெரியவர். சத்தத்தையும் ஆம்பியர் மீட்டரையும் பார்த்துத்தான் ஓட்டுவார்களாம்.

கேபின் தரையில் பாதிக்குப் புதுத் தகடு. மூக்கு, ஜன்னல் ஓரம், தரை என்று மழைத் தண்ணீர் நிற்கிற இடமெல்லாம் துரு தின்றுவிட்டது. எஞ்சினைச் சரிசெய்வதைவிட தகரத்தைச் சரிசெய்யத்தான் வருஷங்கள் போகின்றன என்றார்கள். இன்னொன்று, எனக்குத் தோன்றாத விஷயம்: குளிர். நாம் ரேடியேட்டர் தண்ணீர் கொதிக்காமல் இருக்கப் பாடுபடுவோம். இவர்கள் அது உறையாமல் இருக்கப் பாடுபடுகிறார்கள். இரவில் தண்ணீர் பனிக்கட்டியானால் விரிந்து பிளாக்கையே பிளந்துவிடும். அதனால் குளிர்காலத்தில் ஒன்று தண்ணீரை முழுக்க இறக்கிவிட வேண்டும், இல்லை உறையாத் திரவம் கலந்து வைக்க வேண்டும். எங்கேயாவது ஒரு மூலைக் குழாயில் தங்கிய இரண்டு லிட்டர் தண்ணீர் பல ஆயிரம் பவுண்டு செலவு வைத்துவிடும். 34 வருஷத்தில் நான் ஒரு நாள்கூட இதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை.

உதிரி பாகம் எங்கே கிடைக்கிறது என்று கேட்டேன். இங்கிலீஷ் எலெக்ட்ரிக் 1968-இலேயே ஜிஇசி கம்பெனிக்குள் கரைந்துவிட்டது. கேட்லாக்கைப் பார்த்து எண் சொல்லி வாங்குகிற காலம் போயே போச்சு. அறுக்கப்போகிற வேறு எஞ்சின்களிலிருந்து முன்கூட்டியே வாங்கி வைத்த சாமான்கள் ஒரு பழைய பெட்டி நிறைய இருக்கின்றன. இந்த வகையில் ஒரு வசதி, 309 கட்டியதால் மிச்சமும் நிறைய. 60 வயது தாண்டியும் சில இன்னும் அசல் ரயில் பாதையில் வேலைக்குப் போய்வருகின்றன. டெல்டிக் என்ற இன்னொரு வகை டீசல் எஞ்சின் வைத்திருப்பவர்கள் பாடு வேறு. முக்கோணமாக வைத்த 18 சிலிண்டர், எதிரெதிராக ஓடும் 36 பிஸ்டன், அதுவும் ஓர் எஞ்சினுக்குள் அப்படி இரண்டு மோட்டார். கட்டியது மொத்தமே 22. கடைசிப் பயணம் 1982 ஜனவரி 2-ஆம் தேதி. தப்பியது ஆறு. அதற்கு 1977-லேயே சங்கம் ஆரம்பித்துப் பணம் சேர்த்தார்கள். இல்லாவிட்டால் அந்த ஆறும் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பிரிட்டனில் தொண்டர்கள் ரயில் பாதையைக் காப்பாற்றத் தொடங்கியது 1951-இல், வேல்ஸ் நாட்டின் டாலிலின் பாதையில். எல்லாம் நீராவி மோகம். அந்த நீராவியை 1968-க்குள் ஓரம்கட்டிய பாவி டீசல். அதனால் டீசலைக் காப்பாற்ற வந்தவர்களை நீராவிக்காரர்கள் வெகுநாள் விரோதி மாதிரிதான் பார்த்தார்களாம். "எங்களுக்கு ஷெட்டுக்கு வெளியே மழையில்தான் இடம் கொடுத்தார்கள்" என்றார் பெரியவர். இப்போது சிரித்துக்கொண்டே சொல்கிறார். அப்போது சிரித்திருக்க மாட்டார்.

பணம் சேர்க்கிற விதத்துக்கு வருகிறேன். நான் இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

ஷெட் சுவரில் ஒரு பெரிய பலகை. எஞ்சினின் குறுக்குவெட்டுப் படம், பக்கத்தில் பாகங்களின் பட்டியல், விலை. ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவே கசியாமல் அடைப்பது) 20 பவுண்டு, ஒரு செட் பிஸ்டன் ரிங் 90, இன்ஜெக்டர் பழுது பார்க்க 150, பேட்டரி ஒன்று அதற்கு மேலே. பணம் வந்த பாகத்தில் பச்சை வட்டம், பெயர். வராததில் ஒன்றுமில்லை. பொதுவாக "எஞ்சினுக்கு நன்கொடை தாருங்கள்" என்று உண்டியல் வைத்தால் நான் இரண்டு பவுண்டு போட்டுவிட்டு நகர்ந்திருப்பேன். இது அப்படி இல்லை. என் காசு எந்தச் சிலிண்டரில் போய் உட்காரும் என்று கேட்டால் விரலை வைத்துக் காட்டினார்கள். பேட்டரி வரிசையில் மட்டும் ஒரு பச்சைகூட இல்லை. பிஸ்டனுக்குப் பெயர் போட்டுக்கொள்ள எல்லாருக்கும் ஆசை, பேட்டரியை யாரும் சீந்தவில்லை. ஆனால் 110 வோல்ட் பேட்டரி வரிசை இல்லாமல் ஜெனரேட்டரை மோட்டாராகச் சுற்றி எஞ்சினைக் கிளப்பவே முடியாது. கேபிளுக்கும் இதே கதி. அதைப் பலகையில் முதல் வரியாக எழுதுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

250 பவுண்டுக்குப் பங்கும் விற்கிறார்கள். லாபம் கிடையாது, திரும்ப வராது என்று விண்ணப்பத்திலேயே தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். இவ்வளவு நேர்மையான பங்குப் பத்திரத்தை நான் பார்த்ததில்லை.

நான் கேஸ்கெட்டுக்குப் பர்ஸை எடுத்தேன். மேஜையில் இருந்த அம்மா, வேலை நாளில் நர்ஸாம், "இங்கே வருமான வரி கட்டுகிறீர்களா?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. இருபது பவுண்டுக்கு வருமான விசாரணையா? விஷயம் வேறு. அங்கே கிஃப்ட் எய்ட் என்று ஒரு ஏற்பாடு. வரி கட்டுகிறவர் தன் சொந்தப் பணத்தை இப்படிப்பட்ட அறக்கட்டளைக்குக் கொடுத்தால், ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசாங்கம் 25 பென்ஸ் சேர்த்து அந்த அறக்கட்டளைக்குத் தருகிறது. 20 பவுண்டு 25 ஆகிவிடும். "அப்பா, நான் குடுக்கறேன், என் காசு, என் பேரு" என்று மகள் முந்திக்கொண்டாள். சரி, ஐந்து பவுண்டு ஆதாயம். ஆனால் பலகையில் அவள் பெயர். ஆல்கோவுக்கும் எனக்கும் இருந்த உறவு அவளுக்குக் கேட்ட கதை மட்டும்தான், இருந்தும் பெயர் அவளுடையது. வீட்டுக்கு வரும் வரை இதைப் பற்றி நான் ஒன்றும் பேசவில்லை, அதுவே பேசியது மாதிரிதான்.

கடை என்று ஒரு மேஜை. குவளை, நாட்காட்டி, பழைய ரயில் பத்திரிகைகள். நாட்காட்டியில் பன்னிரண்டு மாதமும் ஒரே எஞ்சின் ஒரே கோணம், வாங்க வேண்டாம். தேய்ந்த பிஸ்டனைக் கழுவி மெருகேற்றி, மேலே கடிகாரம் பதித்து 60 பவுண்டு. எங்கள் ஷெட்டில் அப்படிப்பட்ட பிஸ்டன் டன் கணக்கில் கழிவுக்குப் போகும். மூன்று கடிகாரம் விற்றதை என் கண்ணால் பார்த்தேன். கார்டு இயந்திரம் சிக்னல் இல்லாமல் அடிக்கடி மண்டையைப் போட்டது. கையில் ரொக்கம் கொண்டுபோங்கள். கழிவறை ஸ்டேஷனில்தான், ஷெட்டிலிருந்து நல்ல நடை.

வேலைத் தரம் பற்றி என் தீர்ப்பு: மெதுவு, ஆனால் சுத்தம். நாங்கள் ஒரு ஹெட்டை ஏற்றுகிற நேரத்தில் இவர்கள் அதற்கான ஸ்பேனரை எந்தப் பெட்டியில் வைத்தோம் என்று பேசிக்கொண்டிருப்பார்கள். வாரத்துக்கு ஒரு நாள் வேலை என்பதால் போன சனிக்கிழமை எங்கே விட்டோம் என்று நினைவுபடுத்திக்கொள்ளவே ஒரு மணி நேரம். அதில்தான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஏறியிருந்த நான்கு ஹெட்டில் மூன்றாவதின் நட்டுகளில் எந்த அடையாளமும் இல்லை. எங்கள் ஷெட்டில் அளவான விசையில் இறுக்கும் டார்க் ரெஞ்ச் போட்டு இறுக்கியதும் நட்டுக்கும் அது ஏறுகிற ஸ்டட்டுக்கும் குறுக்கே ஒரு பெயிண்ட் கோடு இழுத்துவிடுவோம். இறுக்கியாயிற்று என்பதற்கும் அதுதான் சாட்சி, பின்னால் தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுப்பதும் அதுதான். மற்ற மூன்றிலும் மஞ்சள் கோடு இருந்தது. இதில் இல்லை.

திட்டக் கூடாது என்ற உத்தரவு நினைவிருந்தது. அதனால் மெதுவாகக் கேட்டேன். பெரியவர் குனிந்து பார்த்தார், அந்த மைக் பையனைக் கூப்பிட்டார். அவனும் இந்தக் குழுவில்தான் இருக்கிறானாம், 17 வயது. அவன் முகம் சிவந்துவிட்டது. போன வாரம் பாதியில் மழை வந்து கூரைத் தகட்டை மூட ஓடினார்களாம், இறுக்கியது நினைவிருக்கிறது, கோடு போட்டது நினைவில்லை. "சந்தேகம் என்றால் திரும்ப முதலிலிருந்து" என்றார் பெரியவர். எங்கள் சார்ஜ்மேன் சொல்கிற அதே வார்த்தை. பையன் முனகாமல் ரெஞ்சை எடுக்கப் போனான். எனக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

நான் கடைசியாக ஓவர்ஹால் செய்த எஞ்சின், மின்சாரக் கம்பி வந்த பிறகு வேலையில்லாமல் ஷெட்டின் ஓரத் தண்டவாளத்தில் நின்று, பிறகு ஏலத்தில் போனது. அதை அறுக்கும்போது நான் சர்வீசில் இல்லை. யாரோ போட்டோ அனுப்பினார்கள். அதைக் காப்பாற்ற ஒரு பலகை வைத்து, ஒரு பிஸ்டன் இவ்வளவு என்று எழுதியிருந்தால் நாங்கள் நூறு பேர் போட்டிருக்க மாட்டோமா என்று அன்றைக்குத் திரும்பி வரும்போது கேட்டேன். மகள் பதில் சொல்லவில்லை. கேள்வி அவளுக்கானது இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

யாருக்குப் பரிந்துரைப்பேன்? சும்மா ரயிலேறி இயற்கைக் காட்சி பார்க்க வேண்டும் என்றால் அந்தப் பாதையில் நீராவி ஓடும் நாளில் போங்கள். சின்னக் குழந்தைகளோடு என்றால் கேபின் உண்டா என்று முதலில் போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். இயந்திரம் எப்படி உயிர் பெறுகிறது என்று பார்க்க ஆசையிருந்தால் ஷெட் திறக்கும் சனிக்கிழமையில் போய் இரண்டு மணி நேரம் நில்லுங்கள். கேள்வி கேட்டால் கையில் இருக்கிற வேலையை வைத்துவிட்டுப் பதில் சொல்கிறார்கள். அதனால்தான் வேலை முடிய மாட்டேன் என்கிறது என்பதும் என் அபிப்பிராயம்.

மூன்று வாரம் கழித்து மகளுக்கு மின்னஞ்சலில் ஒரு படம் வந்தது. 'உங்கள் கேஸ்கெட்' என்று. ஐந்தாவது ஹெட் ஏறி உட்கார்ந்திருக்கிறது. பழுப்பு நிறமாக ஒரு விளிம்பு தெரிகிறது, அதுதான் எங்கள் 20 பவுண்டு. பக்கத்தில் அந்தப் பையன், கையில் மஞ்சள் பெயிண்ட் பிரஷ்ஷோடு. பெரிதாக்கிப் பார்த்தேன். நட்டுகளில் கோடு பளிச்சென்று இருக்கிறது. பின் பக்கம் இருக்கிற ஒன்றில் மட்டும் தெரியவில்லை. வெளிச்சம் படாத இடம், நிழலாக இருக்கும். இருந்தாலும் மகளை ஒரு வரி பதில் போட்டுக் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.